ஆட்டின் கணுக்கால் எலும்பும் நடந்த திமிங்கிலமும்: இடைநிலைப் புதைபடிவங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு வழிகாட்டி

அடுத்த முறை கறிக்கடைக்குப் போகும்போது ஓர் எலும்பைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஆட்டின் பின்னங்காலில் பாதிக்கு மேலே, பின்பக்கம் துருத்திக்கொண்டு வளைகிற மூட்டு ஒன்று இருக்கும். முழங்கால் பின்னோக்கி மடங்குவதைப் போலத் தோன்றும். உண்மையில் அதுதான் ஆட்டின் கணுக்கால். அந்த மூட்டை வெட்டாமல் முழுதாகத் தரச் சொல்லுங்கள். வீட்டில் நன்றாக வேகவைத்து நாரையும் சவ்வையும் நீக்கினால், உள்ளிருந்து கட்டை விரல் பருமனில் ஓர் எலும்பு தனியாகக் கழன்று வரும். கழுவிக் காயவைத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேல்முனையில் கிணற்றுக் கப்பியைப் போல இருபுறமும் மேடு, நடுவில் பள்ளம். திருப்பினால் கீழ்முனையிலும் அதே போல இன்னொரு கப்பி. விலங்கியலார் இதை அஸ்ட்ராகலஸ் என்கிறார்கள்.

திமிங்கிலம் எந்தக் குடும்பத்து விலங்கு என்ற நீண்ட நாள் வழக்கில் சாட்சி சொன்னது இந்த எலும்புதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த வழிகாட்டியை ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிப்பவன். ஒரு நாள் மாலை மாணவி ஒருத்தி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். "சார், இடைநிலைப் புதைபடிவம் என்று ஒன்றுகூட உலகத்தில் கிடைத்ததில்லை என்கிறார்கள். உண்மையா?" நான் பத்துப் பெயர்களை அடுக்கினேன். அவள் எழுதிக்கொண்டு போனாள். மறுவாரம் வந்து, "சார், நீங்கள் சொன்ன அத்தனை பெயரையும் அவர்களும் சொல்கிறார்கள், எல்லாம் தவறு என்றும் சொல்கிறார்கள். நான் யாரை நம்புவது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பெயருக்குப் பெயர் வைத்து வாதாடினால் கேட்பவருக்கு மிஞ்சுவது குழப்பம் மட்டுமே. அதற்கடுத்த நாள்தான் நான் கறிக்கடைக்குப் போனேன். 2023இல் தேசியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்ட பிறகு, இந்த விவாதத்தைக் காணொளியில்தான் முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்பது என் கவலை. அவர்களுக்காகத்தான் இது.

படி 1: சொல்லின் பொருளைச் சரிசெய்துகொள்ளுங்கள்

'இடைநிலை' என்றதும் பலர் மனதில் எழுவது பாதி மீன், பாதி தவளை. முன்பாதி பல்லி, பின்பாதி கோழி. அப்படி ஒரு பிராணியை எந்தப் பரிணாம உயிரியலாளரும் தேடவில்லை. கிடைத்தால் அதுதான் பரிணாமக் கொள்கைக்குச் சிக்கல்.

இடைநிலைப் புதைபடிவம் என்பது, பழைய குழு ஒன்றின் அடையாளங்களையும் அதிலிருந்து பின்னால் கிளைத்த குழுவின் அடையாளங்கள் சிலவற்றையும் ஒருசேரக் கொண்ட உயிரினத்தின் எச்சம். அந்த உயிரினம் தன் காலத்தில் முழுமையான விலங்காகத்தான் வாழ்ந்தது. இரை தேடியது, குட்டி போட்டது. பாதி கட்டிய வீடாக அது நிற்கவில்லை.

இன்னொன்று, இதுவே மிகவும் முக்கியம்: இடைநிலை என்றால் நேரடி மூதாதை என்று பொருள் அல்ல. உங்கள் தாத்தாவின் புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, ஆனால் அவருடைய தம்பியின் படம் ஒன்று பெட்டியில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தாத்தாவுக்குப் பிறந்தவர் அல்ல நீங்கள். ஆனாலும் அந்த மூக்கும் காதும் நெற்றியும் உங்கள் குடும்ப முகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடும். புதைபடிவங்கள் பெரும்பாலும் சின்னத் தாத்தாக்கள்தாம். 'இது மூதாதை என்று நிரூபிக்க முடியுமா?' என்ற கேள்விக்கு 'முடியாது' என்று நேர்மையாகச் சொல்லலாம். அந்தப் பதிலால் வழக்கு தோற்றுவிடாது. கேட்க வேண்டியது வேறு கேள்வி: எந்த அடையாளங்கள், எந்தப் பாறையில், எந்த வரிசையில்?

படி 2: எதிரே இருப்பவர் எந்தப் படைப்புவாதி என்று கேட்டறியுங்கள்

உயிர்களின் இன்றைய வடிவத்துக்குப் பரிணாமம் அல்ல, படைப்பே காரணம் என்னும் படைப்புவாதம் ஒரே கட்சி அன்று. ஆளுக்கேற்பக் கேள்வி மாறும் என்பதால் இதைத் தெரிந்துகொள்வது உதவும்.

ஒரு சாரார் பூமிக்கு ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டு வயதுதான் என்பவர்கள். 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், படைப்பு கி.மு. 4004இல் நடந்தது என்று கணக்கிட்டார். இன்றைய இயக்கத்துக்கு உயிர்கொடுத்தது 1961இல் அமெரிக்காவில் ஜான் விட்கம், ஹென்றி மாரிஸ் இருவரும் எழுதிய நூல். புதைபடிவப் பாறைகளைப் பெரும்பாலும் விவிலியம் சொல்லும் நோவாவின் வெள்ளம் படிய வைத்தது என்பது அதன் வாதம். 2007இல் கென்டக்கி மாநிலத்தில் இக்கருத்துக்கு ஒரு அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. இன்னொரு சாரார் பூமியின் வயதை ஏற்றுக்கொள்வார்கள், உயிரினங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டன என்பார்கள். மூன்றாம் சாரார், உயிரின் சிக்கலான அமைப்புகளை ஓர் அறிவு திட்டமிட்டிருக்க வேண்டும் என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' பேசுபவர்கள்; இவர்களில் முக்கியமானவரான மைக்கேல் பீஹி, உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டு என்பதையே ஏற்றுக்கொள்கிறார். அவரிடம் போய்த் திமிங்கிலக் காலைக் காட்டுவதில் பயனில்லை.

நம்பிக்கை உள்ளவர்கள் எல்லாரும் படைப்புவாதிகள் அல்லர். போப் இரண்டாம் ஜான் பால் 1996இல், பரிணாமம் ஒரு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார். 20ஆம் நூற்றாண்டின் பெரிய பரிணாம உயிரியலாளர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி கிறித்தவ நம்பிக்கையாளர்.

நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: 'மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்று தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது.' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதைச் சான்றாக எடுத்துக்கொண்டு விவாதத்துக்குப் போகாதீர்கள். அவதாரக் கதை வேறு ஒன்றைச் சொல்ல எழுந்தது. அதற்கு எலும்புகளின் சாட்சியம் தேவையில்லை, எலும்புகளுக்கு அதன் துணையும் தேவையில்லை.

படி 3: ஒரே ஒரு வழக்கை அடிமுதல் நுனிவரை படியுங்கள்

பத்துப் புதைபடிவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஒன்றை முழுதாகத் தெரிந்துகொள்வது மேல். நான் எப்போதும் சொல்வது திமிங்கிலம். காரணம், அந்த எலும்புகளில் பல நம் துணைக்கண்டத்துப் பாறைகளிலிருந்து வந்தவை.

திமிங்கிலம் பாலூட்டி. காற்றைச் சுவாசிக்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, வாலை மீனைப் போலப் பக்கவாட்டில் அல்லாமல் மேலும் கீழுமாக அசைக்கிறது. அப்படியானால் அதன் முன்னோர் நிலத்தில் நடந்திருக்க வேண்டும். டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், வட அமெரிக்காவில் கரடி ஒன்று வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்திப் பூச்சி பிடித்ததைக் குறிப்பிட்டு, இப்படிப்பட்ட விலங்கு காலப்போக்கில் திமிங்கிலம் போல ஆவது தமக்குக் கடினமாகத் தோன்றவில்லை என்று எழுதினார். பலரும் சிரித்தார்கள், அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். அவர் கையில் அன்று எலும்பு இல்லை.

நடந்த திமிங்கிலங்களின் எலும்புகள் வரத் தொடங்கியது நூறாண்டுகளுக்கு மேல் கழித்து. 1981இல் புதைபடிவ ஆய்வாளர்கள் பிலிப் கிங்கெரிச்சும் டொனால்ட் ரஸ்ஸலும் பாகிஸ்தானில் கிடைத்த மண்டையோடு ஒன்றுக்குப் பாக்கிசீட்டஸ் என்று பெயரிட்டார்கள். வயது சுமார் 5 கோடி ஆண்டு. மூக்குத் துளை மூஞ்சியின் முன்நுனியில், நாய்க்கு இருப்பதைப் போல. ஆனால் காதெலும்பின் உட்சுவர் தடித்துக் கூழாங்கல்லைப் போலத் திரண்டிருந்தது. இந்தத் தடிப்பு இன்றைய விலங்குகளில் திமிங்கில இனத்துக்கு மட்டுமே உண்டு.

1994இல் ஹான்ஸ் தேவிசன் குழுவினர் பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்த அம்புலோசீட்டஸை விவரித்தார்கள். சுமார் 3 மீட்டர் நீளம், குட்டையான வலுத்த கால்கள், துடுப்பைப் போன்ற பெரிய பின்பாதங்கள். கரையிலும் ஆழமற்ற நீரிலும் வாழ்ந்திருக்கக்கூடிய உடல். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து சுனில் பாஜ்பாயும் தேவிசனும் 2000இல் கச்சிசீட்டஸை அறிவித்தார்கள்: நீண்ட மூஞ்சி, குட்டைக் கால், வலுவான நீண்ட வால். பிறகு எகிப்து. கெய்ரோவுக்குத் தென்மேற்கே வாடி அல் ஹிட்டான், அதாவது திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்ற பாலைவனத்தில் மணலுக்கு மேலே முதுகெலும்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்குள்ள பேசிலோசாரஸ் 15 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, முழுக்க முழுக்கக் கடலில் வாழ்ந்த விலங்கு. 1990இல் அதன் பின்னங்கால்கள் கிடைத்தன. தொடையெலும்பு, முழங்கால் சில்லு, விரல்கள் எல்லாம் உண்டு. அவ்வளவு பெரிய உடலுக்கு ஒரு மனிதனின் கால் அளவுகூட இல்லாத கால்கள். அவற்றைக் கொண்டு நடக்கவே முடியாது. அதன் மூக்குத் துளை மூஞ்சியில் பாதி வழி பின்னுக்கு வந்திருக்கிறது. இன்றைய திமிங்கிலத்துக்கு அது உச்சந்தலையில்.

இப்போது உங்கள் கையிலுள்ள எலும்புக்கு வருவோம்.

1966 முதல், திமிங்கிலத்தின் முன்னோர் மெசோனிக்கிட் என்ற அழிந்துபோன இறைச்சி தின்னும் குளம்பு விலங்குகள் என்பதே புதைபடிவ ஆய்வாளர்களிடம் செல்வாக்குப் பெற்ற கருத்து. முக்கோணப் பற்கள் ஒத்திருந்தன. ஆனால் 1990களில் மரபணுவைப் படித்தவர்கள் வேறு சொன்னார்கள்: திமிங்கிலத்துக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நீர்யானை, எனவே அது ஆடு, மாடு, மான், பன்றி அடங்கிய இரட்டைக் குளம்பு விலங்குகளின் வரிசைக்குள் வர வேண்டும். எலும்பு படித்தவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. நாயின் கணுக்கால் எலும்பை எடுத்தால் மேல்முனையில் மட்டும்தான் கப்பி. கீழ்முனை உருண்டைத் தலை. குதிரைக்கு மேலே ஆழமான கப்பி, கீழே ஏறக்குறையத் தட்டை. இரண்டு முனையிலும் கப்பி உள்ள விலங்குகள் இரட்டைக் குளம்பு வரிசையைச் சேர்ந்தவை மட்டுமே. பழைய திமிங்கிலத்தின் கணுக்கால் கிடைத்தால் போதும்.

2001 செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கிங்கெரிச் குழு பலுசிஸ்தானில் எடுத்த ரோடோசீட்டஸ், ஆர்ட்டியோசீட்டஸ் ஆகியவற்றின் கணுக்கால். தேவிசன் குழு எடுத்த பாக்கிசீட்டஸின் கணுக்கால். இரண்டிலும் இருபுறக் கப்பி. பல ஆண்டுகளாக மெசோனிக்கிட் பக்கம் நின்ற கிங்கெரிச், தம் கையில் கிடைத்த எலும்பைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டார். மரபணு ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் எலும்பைப் பார்க்கவில்லை. பாலைவனத்தில் இருந்தவர்கள் மரபணுவைப் படிக்கவில்லை. இரு வழியும் ஒரே வாசலில் வந்து நின்றன. நான் மாணவர்களிடம் ஆட்டெலும்பைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ரோடோசீட்டஸ் எலும்பின் படத்தை வைப்பேன். விளக்கவே வேண்டியிருக்காது. விரல் தானாகப் படத்திலுள்ள இரண்டாவது கப்பிக்குப் போய்விடும்.

இந்த வழக்கில் இன்னொரு சாட்சியும் உண்டு. ஜம்மு காஷ்மீரின் கலாகோட் பகுதியில் இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்த பாறைத் துண்டுகள், அவர் மறைந்த பின் அவருடைய மனைவியின் பாதுகாப்பில் இருந்து தேவிசனிடம் வந்து சேர்ந்தன. அவற்றைச் சுத்தம் செய்யும்போது இன்டோஹையஸ் என்ற சிறு விலங்கின் மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்தது, தடித்த உட்சுவருள்ள காதெலும்பு. பூனையைவிடச் சற்றுப் பெரிய, மான் போன்ற, மெல்லிய கால்களுள்ள விலங்கில் திமிங்கிலக் காது! 2007இல் வெளியான இந்த ஆய்வு, அதன் கால் எலும்புகளும் நீர்யானையுடையதைப் போலத் தடித்துக் கனத்திருந்ததைக் காட்டியது. நீரில் இறங்கி நடக்கும் விலங்குக்கு அந்தக் கனம் உதவும். இன்டோஹையஸ் பாக்கிசீட்டஸைவிடப் பழையது அல்ல. எனவே அது தாத்தா அல்ல, சின்னத் தாத்தாவின் பிள்ளை. அதைத்தான் படி 1இல் சொன்னேன்.

படி 4: பாறையின் வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விவாதத்தில் கட்டாயம் வரும் வாதம்: 'பாறையின் வயதைப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள், புதைபடிவத்தின் வயதைப் பாறையை வைத்துச் சொல்கிறார்கள். வட்டமடிக்கும் வாதம்.'

இதற்கு இரண்டு செய்திகள் போதும். பாறை அடுக்குகளின் வரிசையைக் கண்டுபிடித்தவர்கள் பரிணாமவாதிகள் அல்லர். கால்வாய் வெட்டும் வேலையில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதைக் கண்டு 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். டார்வினின் நூலுக்கு 44 ஆண்டு முன்பு. பழைய நிலவியல் காலங்களில் ஒன்றான கேம்பிரியனுக்குப் பெயரிட்ட ஆடம் செட்ஜ்விக் ஒரு பாதிரியார். டார்வினின் கொள்கையைக் கடைசிவரை எதிர்த்தவர். வரிசை அவர்கள் தந்தது.

ஆண்டுக் கணக்கைத் தருவது வேறு வழி. அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கும் இடங்களில், அதிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு ஆகும். இந்தக் கணக்கில் புதைபடிவத்துக்கு இடமே இல்லை. 'கார்பன் 14 முறை தவறானது' என்று யாராவது தொடங்கினால் பதறாதீர்கள்: அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டு, அதைக் கொண்டு ஏறக்குறைய 50,000 ஆண்டு வரைதான் அளக்க முடியும். 5 கோடி ஆண்டுத் திமிங்கிலத்தை யாரும் அதைக்கொண்டு அளப்பதில்லை.

அடுக்கு என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க விரும்பினால் அரியலூர்ப் பக்கம் போய் வாருங்கள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த அந்த நிலத்தில், சுருண்ட ஓடுகளுடன் அம்மோனைட்டுகள் என்ற அழிந்துபோன கடல் உயிரிகள் பதிந்த பாறைகளைப் பார்த்தவருக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்கும். எதையும் பெயர்த்து எடுத்து வராதீர்கள்.

படி 5: முன்கூட்டிச் சொன்னது பலித்ததா என்று பாருங்கள்

கிடைத்ததை வைத்து யார் வேண்டுமானாலும் கதை கட்டலாம். கிடைப்பதற்கு முன்பே, எந்த வயதுப் பாறையில் எப்படிப்பட்டது இருக்க வேண்டும் என்று சொல்லித் தேடிப் போவது வேறு விஷயம்.

சுமார் 38.5 கோடி ஆண்டுப் பாறைகளில் சதைப்பற்றுள்ள துடுப்புகளைக் கொண்ட மீன்கள் இருந்தன. 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் அக்கந்தோஸ்டெகா போன்ற நாலு கால் விலங்குகள். நடுவில் வர வேண்டியது எங்கே? நீல் ஷுபின், டெட் டேஷ்லர், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் ஆகியோர் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு வயதுள்ள, ஆற்றுப் படுகையில் படிந்த பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று நிலவியல் வரைபடத்தில் தேடினார்கள். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் எல்ஸ்மியர் தீவு அகப்பட்டது. 1999 முதல் பல கோடைகளில் முயன்று, 2004இல் டிக்டாலிக் என்ற மீனை எடுத்தார்கள். செதிலும் செவுளும் உண்டு. ஆனால் தட்டைத் தலை, மீனுக்கு இல்லாத கழுத்து, துடுப்புக்குள்ளே முழங்கையும் மணிக்கட்டுமாக எலும்புகள்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான சான்று ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2010இல் போலந்தின் சாஹெல்மியே கல்குவாரியில், டிக்டாலிக்கைவிட ஒரு கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறையில் நாலு கால் விலங்குகளின் காலடித் தடங்கள் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. அவை மீன்கள் இரை தேடிய குழிகள் என்று மறுப்பவர்களும் உண்டு. காலடித் தடங்கள்தாம் என்றே வைத்துக்கொண்டால், நாலு கால் கிளை நினைத்ததைவிடப் பழையது, டிக்டாலிக் பின்னும் நீடித்து வாழ்ந்த உறவு என்றாகும். தேதி நகரும். கழுத்தும் மணிக்கட்டும் கொண்ட அந்த மீன் இல்லை என்றாகிவிடாது.

படி 6: வழக்கமான நான்கு மறுப்புகளை எடை போடுங்கள்

'இடைவெளி நிரம்பவில்லை, இரண்டுக்கு நடுவே ஒன்றை வைத்தால் இரண்டு இடைவெளி ஆகிவிட்டது.' இந்த அளவுகோலில் எந்த வழக்கும் முடியாது. ஊரிலிருந்து ஊருக்கு நடந்து போனவரின் காலடி ஒவ்வொன்றும் மண்ணில் நிற்காது. இடையிடையே தெரிகிற தடங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. இறந்த விலங்குகளில் மிக மிகச் சிலவே சிதையாமல் மூடப்பட்டுக் கல்லாகின்றன.

'முதலில் ஒன்று சொன்னார்கள், பிறகு மாற்றிக்கொண்டார்கள்.' உண்மை. மண்டையோடு மட்டும் கிடைத்த காலத்தில் பாக்கிசீட்டஸை நீரில் பாயும் விலங்காக வரைந்தார்கள். உடல் எலும்புகள் கிடைத்ததும் அது ஓநாய் அளவில், நாலு காலில் நன்றாக நடமாடிய விலங்கு என்று தெரிந்தது. படம் தவறு. அதைத் திருத்தியதும் புதைபடிவ ஆய்வாளர்கள்தாம். எலும்பு எது, ஓவியரின் ஊகம் எது என்று பிரித்துப் பார்ப்பது உங்களுக்கும் நல்ல பழக்கம். அருங்காட்சியகத்தில் தோலும் நிறமும் பூசிய உருவத்தைவிட, பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் உடைந்த துண்டுகளின் முன் அதிக நேரம் நில்லுங்கள்.

'போலிகள் செய்தார்கள்.' செய்தார்கள். 1912இல் இங்கிலாந்தில் மனிதனின் முன்னோர் என்று அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மனிதன், மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்துச் செய்த மோசடி. அது 1953இல் அம்பலமாகும்வரை நாற்பதாண்டுகள் அறிவியலை வழிதவற வைத்தது வெட்கக்கேடு. 1999இல் டைனோசருக்கும் பறவைக்கும் இடைநிலை என்று காட்டப்பட்டு, சீனாவிலிருந்து வந்த ஆர்க்கியோராப்டர், வேறு வேறு விலங்குகளின் துண்டுகளை ஒட்டியது; அதன் வால் இன்னொரு விலங்கினுடையது என்று காட்டியவர் சூ ஷிங் என்ற புதைபடிவ ஆய்வாளர். 1980களில் லண்டனில் உள்ள, இறகுப் பதிவுள்ள பழம்பறவையான ஆர்க்கியோப்டெரிக்ஸ் மீதும் இதே குற்றச்சாட்டு வந்தது; எழுப்பியவர்கள் ஃபிரெட் ஹாயிலும் இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும். அருங்காட்சியகத்தார் சோதித்தார்கள். கல்லின் இரு பாதிகளிலும் இறகுப் பதிவை ஊடுருவிச் செல்லும் மயிரிழை விரிசல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. மேலே சாந்து பூசி இறகை அச்சிட்டிருந்தால் அது நடக்காது. ஒரு போலி இருந்ததால் எல்லாம் போலி என்பவரிடம், கள்ள நோட்டைச் சோதித்துப் பிடிக்கும் அதே முறையில்தான் நல்ல நோட்டையும் உறுதி செய்கிறோம் என்று சொல்லுங்கள்.

'ஸ்டீவன் ஜே கூல்டே இடைநிலை இல்லை என்று எழுதியிருக்கிறார்.' அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளரான கூல்ட், 1972இல் நைல்ஸ் எல்ட்ரிட்ஜுடன் சேர்ந்து, ஓர் இனம் நெடுங்காலம் மாறாமல் இருந்து பிறகு விரைவாகக் கிளைக்கும் என்ற கருத்தை முன்வைத்தவர். ஓர் இனத்துக்கும் அடுத்த இனத்துக்கும் நடுவே இடைநிலைகள் பொதுவாகக் குறைவு, பெரிய குழுக்களுக்கு நடுவே ஏராளம் என்பதே அவர் நிலை. தம் சொற்களை வெட்டி எடுத்துப் பயன்படுத்துவதை 1981இலேயே கடிந்து எழுதினார். மேற்கோள் வந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்தியைக் கேளுங்கள்.

படி 7: ஒரு நேரத்தில் ஒரு கூற்று, எதிரே இருப்பவர் உறவினர்

மேடை விவாதத்தில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் இருபது குற்றச்சாட்டுகளை எறிவார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல அரை மணி தேவைப்படும். அந்த ஆட்டத்துக்குள் போகாதீர்கள். 'இந்த இருபதில் உங்களுக்கு மிக வலுவானதாகத் தோன்றுவது எது? அதை மட்டும் இன்று பார்ப்போம்' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் பேச்சின் சூடு தணிந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 'எந்தப் புதைபடிவம் கிடைத்தால் உங்கள் கருத்து மாறும்?' என்றும் கேட்கலாம். உங்களைக் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள். என் பதில்: மீன்களே ஆண்ட 37 கோடி ஆண்டுப் பாறையில் ஒரு திமிங்கிலம்.

நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் எடுக்காதீர்கள். 2005 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த டோவர் பள்ளி வழக்கில், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அன்று என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தது பள்ளிப் பாடத்தைப் பொறுத்தவரை பெரிய செய்தி. ஆனால் எலும்பின் வயதை நீதிபதி தீர்மானிப்பதில்லை.

என் பெரியம்மா நாள்தோறும் விவிலியம் வாசிப்பவர். மேசைமேல் கிடந்த ஆட்டெலும்பைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனப்பா, கடவுள் இந்த வழியிலும் படைத்திருக்கலாம் அல்லவா?" என்றார்.

"இருக்கலாம் பெரியம்மா. அதை இந்த எலும்பு மறுக்கவில்லை. ஆறாயிரம் ஆண்டுக்குள் எல்லாம் நடந்தது என்பதைத்தான் பாறை மறுக்கிறது."

அவர் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாள் குழம்பில் போட்டிருக்கிறேன், பார்த்ததே இல்லையே" என்றார்.

படி 8: அடுத்த எலும்புக்குப் போங்கள்

திமிங்கிலம் பிடிபட்டுவிட்டால் அடுத்ததாக நான் பரிந்துரைப்பது காது. இதற்குக் கறிக்கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் தாடை மூட்டு உருளும். ஊர்வனவற்றில் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. மூட்டில் சேர்வது வேறு இரண்டு எலும்புகள். பாலூட்டிகளுக்குக் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரே எலும்பு. மூட்டிலிருந்த அந்த இரண்டும் எங்கே போயின? 1837இலேயே, டார்வின் நூல் வருவதற்கு முன்பே, ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைகெர்ட் கருவின் வளர்ச்சியைப் பார்த்து, அவை நடுக்காதின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும்தான் என்று காட்டினார். மூட்டு இடம் மாறும்போது அந்த விலங்கு எப்படிக் கடித்துத் தின்றிருக்கும், இது முடியாத காரியம் என்று மறுத்தவர்கள் உண்டு. பிறகு மோர்கனுகோடான் என்ற சுண்டெலி போன்ற சிறு விலங்கின் தாடைகள் கிடைத்தன. அதற்குப் பழைய மூட்டும் இருந்தது, புதிய மூட்டும் இருந்தது, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக. விரலை எடுக்காமல், இன்னொரு முறை வாயைத் திறந்து மூடிப் பாருங்கள்.